கூசான்வில்லில எஃப்3 பார்த்தனாங்கள், 149,000 யூரோ. வேண்டலாமா?

பனங்கூடல் | 13 செப்டெம்பர் 2025, இரவு 1.20

எல்லாருக்கும் வணக்கம். வேலை முடிஞ்சு இப்பதான் வந்தனான், நித்திரை வரேல்லை, அதுதான் எழுதுறன்.

நானும் மனிசியும் நாலு வயசு மகளும் கார்ஜில வாடகைக்கு இருக்கிறம். எஃப்2 (ஒரு படுக்கையறை வீடு), சார்ஜ் (கட்டடப் பொதுச் செலவு) எல்லாம் சேர்த்து மாசம் 880 யூரோ. பிள்ளைக்கு ஒரு அறை வேணும். போன கிழமை பாரிசுக்கு வடக்கால இருக்கிற கூசான்வில்லில, லே நூ ஸ்டேஷனில இருந்து நடை தூரத்தில ஒரு எஃப்3 (ரெண்டு படுக்கையறை வீடு) பார்த்தனாங்கள். 54 சதுர மீட்டர், நாலாம் மாடி, லிஃப்ட் இருக்கு. 1972இல கட்டின கட்டடம், மொத்தம் 96 வீடு. கேட்கிற விலை 149,000.

நான் பாரிசில ஒரு ரெஸ்டோரண்ட் குசினியில வேலை, நிரந்தர ஒப்பந்தம், கையில வாறது 1,780. மனிசி பகுதிநேரம் கிளீனிங், 920. சேமிப்பு 26,000 இருக்கு. ஏஜென்சிக்காரர் சொல்லுறார் 25 வருசத்துக்குக் கடன் எடுத்தால் மாசம் 700தான் வரும், இப்ப கட்டுற வாடகையை விடக் குறைவு, வேற ரெண்டு பேரும் கேட்டிருக்கினம், திங்கட்கிழமைக்கு முதல் முடிவு சொல்லுங்கோ எண்டு.

மனிசிக்கு நல்ல விருப்பம். பல்கனியில நிண்டு எங்க செவ்வந்தி வைக்கிறது எண்டு பார்த்துக்கொண்டு நிண்டவ. எனக்கும் விருப்பம்தான். ஆனால் எங்கட குடும்பத்தில இஞ்ச முதல் முதல் வீடு வேண்டப் போறது நான்தான், கேட்டு அறிய ஒருத்தரும் இல்லை. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.


ரயிலடி | 13 செப்டெம்பர் 2025, காலை 7.45

தம்பி, முதல்ல ரயிலைப் பாருங்கோ. கார்ஜ்-சார்செல்லில நிக்கிற அளவுக்கு லே நூவில ரயில் நிக்காது. ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயில் பாதையில கனக்க வண்டி வில்லியே-லு-பெல்லோட திரும்பிப் போயிடும். பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷனுக்கு அரை மணித்தியாலத்துக்குள்ள போயிடலாம், அது பிரச்சினை இல்லை. நீங்கள் குசினி வேலை. இரவு எத்தனை மணிக்கு விடுவினம்? தடத்தில வேலை நடக்கிற காலத்தில இரவில ரயில் இல்லாமல் பஸ் விடுவினம். ஒரு நாள் வேலை முடிஞ்ச கையோட கார்ஜில இறங்காமல் லே நூ வரைக்கும் போய் இறங்கி, அந்த வீட்டு வாசல் வரைக்கும் நடந்து பாருங்கோ. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஏஜென்சிக்காரரின்ர காரில போய்ப் பார்க்கிற ஊரும், இரவு ஒண்டரைக்கு நடந்து போற ஊரும் ஒண்டில்லை.

நவிகோ (மாதப் பயணச் சீட்டு) செலவு மாறாது. 2015இல இருந்து எல்லா வலயத்துக்கும் ஒரே விலை, 2025இல மாசம் 88.80, அதில பாதி முதலாளி தரவேணும். ஆனால் இன்னும் மலிவு எண்டு கிறெய் பக்கம் போறவைக்கு ஒண்டு சொல்லுறன்: அது உவாஸ் மாவட்டம், நவிகோ எல்லைக்கு வெளியில. சந்தா விலை வேற.


கணக்குப்பிள்ளை | 13 செப்டெம்பர் 2025, காலை 10.05

700ஐ 880ஓட ஒப்பிடக் கூடாது அண்ணை. உங்கட 880இல சார்ஜ் இருக்கு, 700இல இல்லை.

விலை 149,000. பழைய வீடு எண்டபடியால் நோத்தேர் (விற்பனையைப் பதியிற சட்ட அதிகாரி) செலவு 8 சதவீதத்துக்குக் கிட்ட வரும், 12,000 வையுங்கோ. இதில நோத்தேரின்ர சொந்தச் சம்பளம் சின்னப் பங்குதான், பெரும்பகுதி அரசுக்குப் போற வரி. இந்த வருசம் ஏப்ரலுக்குப் பிறகு மாவட்டங்கள் அந்த வரியைக் கூட்டலாம் எண்டு சட்டம் வந்தது. ஆனால் முதன்முதலா தங்கட குடியிருப்புக்கு வேண்டுறவைக்கு அந்தக் கூட்டல் இல்லை, அதை நோத்தேரிட்டக் கட்டாயம் ஞாபகப்படுத்துங்கோ. மொத்தம் 161,000. உங்கட 26,000ஐப் போட்டால் கடன் 135,000. வட்டி 3.4 எண்டு எடுத்தால் 25 வருசத்துக்கு மாசம் 669, காப்புறுதி ஒரு 35. 704. ஏஜென்சிக்காரர் அதில பொய் சொல்லேல்லை.

இனி அவர் சொல்லாதது. அந்தக் கட்டடத்தின்ர சார்ஜ் எவ்வளவு? தக்ஸ் பொன்சியேர், அதாவது சொத்து வரி, எவ்வளவு? வாடகைக்கு இருக்கிறவைக்கு இந்த வரி இல்லை, சொந்தக்காரருக்கு ஒவ்வொரு வருசமும் இருக்கு. இந்த ரெண்டு எண்ணும் கையில வரும் வரைக்கும் திங்கட்கிழமைக் கெடுவை மறந்திடுங்கோ.


பனங்கூடல் | 13 செப்டெம்பர் 2025, மாலை 4.10

போன் எடுத்துக் கேட்டனான். சார்ஜ் மாசம் 265 அளவில, சுடுதண்ணியும் ஹீட்டரும் அதுக்குள்ள. தக்ஸ் பொன்சியேர் வருசம் 1,300. அப்ப 704, 265, 108... 1,077 வருது. வாடகையை விட 200 கூட. முதலே ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டதுக்கு, நீங்கள் கேட்கேல்லையே எண்டு சொன்னவர்.


சார்செல்_அக்கா | 14 செப்டெம்பர் 2025, காலை 9.30

தம்பி, உங்கட எழுத்தை வாசிச்சதில இருந்து எனக்கு மனம் கேக்கேல்லை. கொஞ்சம் நீட்டா எழுதுறன், பொறுமையா வாசியுங்கோ.

கட்டடத்தில வீடு வேண்டேக்க அந்த நாலு சுவரோட சேர்த்து 96 வீட்டுக்காரரின்ர பொதுக் கணக்கிலயும் ஒரு பங்கு வேண்டுறியள். அதுக்குத் தாந்தியேம் எண்டு பேர். கூரை, லிஃப்ட், பொய்லர், படிக்கட்டு, நிலத்துக்குக் கீழ போற குழாய் எல்லாத்திலயும் உங்களுக்குப் பங்கு. 1965ஆம் ஆண்டுச் சட்டம் அது. உங்கட பக்கத்து வீட்டுக்காரர் காசு கட்டாட்டி அந்த ஓட்டை உங்கட வீட்டுக்குள்ளயும் வரும்.

எனக்கு வந்தது. 2008இல ரெண்டு பேரின்ர சம்பளத்தையும் நம்பி ஒரு எஃப்3 வேண்டினனாங்கள். ஊர் பேர் வேண்டாம். 140 வீடு, 1969இல கட்டினது. வீடு நல்ல வடிவு, வெயில் விழுகிற வீடு. மூண்டாம் வருசம் மார்கழி கழிஞ்சு தை மாசம் பொய்லர் நிண்டது. நாலில ஒரு ஆள் சார்ஜ் கட்டாமல் விட்டதால, கட்டடத்தை நிர்வகிக்கிற சாந்திக்கின்ர கையில திருத்தக் காசு இல்லை. பதினொரு நாள். என்ர மகனுக்கு அப்ப ஏழு வயசு. குசினிக் கதவைச் சாத்தி, ஒவனைத் திறந்து விட்டு, அதுக்கு முன்னால கதிரையைப் போட்டு, கம்பளித் தொப்பியோட அவனை வீட்டுப்பாடம் செய்ய வைச்சனான். அவன் பென்சில் பிடிக்கேக்க விரல் நீலம். பிறகு நீதிமன்றம் ஒரு நிர்வாகியைப் போட்டது, சார்ஜ் இன்னும் ஏறினது. 2016இல வேண்டின விலையை விட 22,000 குறைச்சு வித்திட்டு வந்தனாங்கள்.

இதை ஏன் சொல்லுறன் எண்டால், எல்லாம் எழுத்தில இருந்தது. வேண்டேக்க தந்த கட்டுக்குள்ள மூண்டு வருசப் பொதுக்கூட்டக் குறிப்பு, பேவே எண்டு சொல்லுறது, இருந்தது. 2006: பொய்லர் மாத்துறது, நிராகரிப்பு. 2007: பொய்லர் மாத்துறது, நிராகரிப்பு. நான் அந்தக் கட்டைத் திறந்தே பார்க்கேல்லை. வீடு விட்டுப் போகேக்க பெட்டி கட்டும்போதுதான் வாசிச்சனான்.

ஆனபடியால் விலை பேச முதல் மூண்டு வருச பேவே கேளுங்கோ. அதில எந்த வேலையை வருசா வருசம் தள்ளிப் போட்டிருக்கினம் எண்டு பாருங்கோ. கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தவை எண்டு முதல் பக்கத்தில இருக்கும். கணக்கை ஏற்றுக்கொண்டவையோ, இல்லையோ? ஆரின்ரயாவது வீட்டைப் பறிமுதல் செய்யச் சொல்லி வாக்கெடுப்பு நடந்திருக்கோ? சாந்திக் அடிக்கடி மாறியிருக்கோ? கட்டப்படாத பாக்கி எவ்வளவு? 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இந்தக் கடதாசி எல்லாம் கொம்புறோமி எண்ட முதற்கட்ட விற்பனை ஒப்பந்தத்தோட தரவேணும். தராட்டி, நீங்கள் மனம் மாறுறதுக்கான 10 நாள் கெடு எண்ணவே தொடங்காது. ஆனால் கொம்புறோமி வரைக்கும் காத்திருக்க வேண்டாம், இப்பவே கேளுங்கோ. விக்கிறவரிட்ட அது கட்டாயம் இருக்கும்.

கிறிஞ்ஞி 2 எண்டு எஸ்ஸோனில ஒரு கட்டடத் தொகுதி இருக்கு. ஏறத்தாழ 5,000 வீடு. பாக்கி மேல பாக்கி ஏறி ஏறி 2016இல அரசே தேசியத் திட்டமாக் கையில எடுக்க வேண்டி வந்தது. அங்கயும் உங்களைப் போல, என்னைப் போல ஆக்கள்தான் வாழ்நாள் உழைப்பைப் போட்டவை.

கீழ போய் தபால் பெட்டிகளையும் பாருங்கோ. பேர் கிழிஞ்சு, மூடி உடைஞ்சு கிடக்கிற பெட்டி கனக்க எண்டால் அந்தக் கட்டடத்தை ஆரும் கவனிக்கேல்லை.


நைட்_டூட்டி | 14 செப்டெம்பர் 2025, பகல் 12.15

அக்கா சொல்லுறது சரி, ஆனால் பயந்து பயந்து இருந்தே எங்கட சனம் 30 வருசம் வாடகை கட்டினது. பாரிசில எங்கட கடைத்தெரு லாச்சப்பலில கடையில நிக்கிற அண்ணமாரைக் கேட்டுப் பாருங்கோ, 60 வயசில வாடகை கட்ட ஏலாமல் திணறுறவை எத்தனை பேர். எங்கட பென்சன் என்ன வரப்போகுது? பாதி வருசம் கறுப்பில, பதிவில்லாமல், வேலை செய்த ஆக்களுக்கு அந்த வருசங்கள் கணக்கிலயே இல்லை. வேலை நிண்ட பிறகு 900 யூரோ பென்சனில 900 யூரோ வாடகை கட்டேலாது. அந்த வயசில கடன் முடிஞ்ச ஒரு வீடு இருந்தால் சார்ஜும் வரியும் மட்டும்தான்.

பனங்கூடல் அண்ணைக்கு இப்ப எத்தனை வயசோ தெரியாது. 25 வருசக் கடன் எண்டால் ஒவ்வொரு வருசம் பிந்தவும் முடிவு தள்ளித் தள்ளிப் போகுது. 200 யூரோ கூட எண்டு பார்க்காதேங்கோ. அந்த 669இல ஒவ்வொரு மாசமும் ஒரு பங்கு முதலுக்குப் போகுது, வாடகையில ஒரு சதமும் திரும்பி வராது.


புதுவை_பெரியவர் | 14 செப்டெம்பர் 2025, மாலை 6.40

வணக்கம் தம்பி. நான் புதுச்சேரிக்காரன், 1983லேர்ந்து சார்செல்லதான் இருக்கேன், கொஞ்ச காலம் கூசான்வில்லயும் இருந்தேன். யாரும் விமானத்தைப் பத்தி சொல்லலையே?

ருவாசி விமான நிலையம் 1974ல திறந்தாங்க. வடக்குப் பக்க ஓடுபாதைகளுக்கு நேர் மேற்கே இருக்கிறது கூசான்வில். பழைய கிராமத்தைப் போய்ப் பாருங்க, மனசு கஷ்டமாயிடும். சத்தத்தால ஜனங்க காலி பண்ணிட்டுப் போனாங்க, வீடுகளை விமான நிலைய நிர்வாகம் வாங்கிடுச்சு. நடுவுல இருக்கிற சர்ச் பாதுகாக்கப்பட்ட சின்னம்ங்கிறதால இடிக்க முடியலை. ஜன்னல் அடைச்ச வீடுங்க இன்னும் நிக்குது. நீங்க பார்க்கிற பக்கம் அது இல்லை, அங்க மக்கள் நல்லாத்தான் வாழுறாங்க. ஆனா வானம் அதே வானம்.

காத்து மேற்கேருந்து அடிச்சா விமானம் இந்தப் பக்கம் ஏறும், கிழக்கேருந்து அடிச்சா இந்தப் பக்கமா இறங்கும். அதனால ஒரு நாள் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க, காத்து மாறின இன்னொரு நாளும் போங்க. ஏஜென்சி ஆளுங்க எப்பவும் ஜன்னலைச் சாத்திட்டுத்தான் காட்டுவாங்க. நீங்க எல்லா ஜன்னலையும் திறந்து வெச்சு அரை மணி நேரம் உட்காருங்க. 2020 ஜூன்லேர்ந்து, சத்த வரைபடத்துக்குள்ள இருக்கிற வீட்டை விக்கிறவங்க அதை எழுத்துல கொடுக்கணும்னு சட்டம் இருக்கு. எந்த வலயம்னு கேளுங்க.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. சத்த நிவாரண வலயத்துக்குள்ள இருக்கிற பழைய வீடுகளுக்கு ஜன்னல் மாத்த, காப்பு போட உதவிப் பணம் கிடைக்கும். விமானக் கம்பெனிங்க கட்டுற வரியிலேர்ந்து வர்ற காசு அது. செலவுல பெரும்பகுதி வந்துடும். இந்த வீட்டுக்கு ஏற்கெனவே செஞ்சாச்சான்னு கேளுங்க.


பனங்கூடல் | 21 செப்டெம்பர் 2025, இரவு 11.50

ஐயா, அக்கா, அண்ணைமார், எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை முடிவு சொல்லேல்லை. இந்தக் கிழமை நடந்ததை எழுதுறன்.

புதன்கிழமை லீவு, மகளையும் கூட்டிக்கொண்டு திரும்பப் போனனாங்கள். பல்கனிக் கதவைத் திறந்து விட்டுட்டு இருந்தம். மகள் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். பத்துக்கு மேல விரல் இல்லை, என்ர விரலையும் எடுத்தாள், தாயின்ர விரலையும் எடுத்தாள். நாப்பது நிமிசத்தில 22 விமானம். சிலது போகேக்க மனிசி கதைக்கிறது எனக்குக் கேக்கேல்லை. ஜன்னலைச் சாத்தினால் பரவாயில்லை, புது ஜன்னல் போட்டிருக்கினம்.

பேவே ரெண்டு தரம் கேட்ட பிறகு 64 பக்கம் அனுப்பினவை. நேற்று இரவு நானும் மனிசியும் போனில மொழிபெயர்த்து மொழிபெயர்த்து வாசிச்சனாங்கள். வெளிச்சுவருக்கு ரவல்மோ (சுவரைப் புதுப்பிக்கிறது), அதோட சேர்த்துக் குளிர் காப்புப் போர்வை: 2023இல நிராகரிப்பு. 2024இல நிராகரிப்பு. இந்த வருசம் ஜூன் மாதக் கூட்டத்தில ஏற்றுக்கொண்டிருக்கினம். மொத்தம் 1,050,000 யூரோ. எங்கட வீட்டுக்கு 10,000இல 128 தாந்தியேம். கணக்குப் போட்டால் 13,440. 2026 தை மாசத்தில இருந்து மூண்டு மாசத்துக்கு ஒரு தவணையா ஆறு தவணை.

கூட்டத்துக்கு வந்தது 96 வீட்டில 41. வருச வரவு செலவு 250,000. கட்டாத பாக்கி 71,000.

ஏஜென்சிக்காரரைக் கேட்டனான். "அதெல்லாம் இன்னும் கன காலம் போகும்" எண்டு மட்டும் சொன்னவர். கடதாசியில திகதியே போட்டிருக்கு.


கணக்குப்பிள்ளை | 22 செப்டெம்பர் 2025, காலை 8.20

நல்ல வேளை கேட்டியள்.

13,440ஐப் பற்றி: சட்டப்படி, தவணை கட்டவேண்டிய நாளில ஆர் சொந்தக்காரரோ அவர்தான் சாந்திக்குக்குக் கட்டவேணும். கூட்டத்தில கை உயர்த்தினது பழைய சொந்தக்காரர், காசு கட்டப் போறது நீங்கள். ஆனால் விக்கிறவரும் வேண்டுறவரும் வேற மாதிரி ஒத்துக்கொள்ளலாம். கொம்புறோமிக்கு முதல் வாக்கெடுத்த வேலை எல்லாம் விக்கிறவரின்ர செலவு எண்டு எழுதிறது வழக்கம். அதை எழுதச் சொல்லிக் கேளுங்கோ, இல்லாட்டி விலையில கழிக்கச் சொல்லுங்கோ. உங்களுக்கெண்டு தனியா ஒரு நோத்தேரையும் பிடியுங்கோ. ரெண்டு நோத்தேர் எண்டால் செலவு ரெண்டு மடங்கு ஆகாது, அவையள் ஒரே சம்பளத்தைத்தான் பங்கு போடுவினம். இது எங்கட ஆக்களுக்குக் கனபேருக்குத் தெரியாது.

71,000ஐப் பற்றி: அது 28 சதவீதம். பாக்கி 25 சதவீதத்தைத் தாண்டினால் (200 லோவுக்கு, அதாவது தனித்தனி அலகுக்கு, மேற்பட்ட கட்டடத்தில 15) நீதிமன்றத்தில ஒரு ஆளை நியமிக்கச் சொல்லிக் கேட்கவேணும் எண்டு சட்டம். எனக்கு 13,440ஐ விட இதுதான் பயம். வேலையின்ர காசைப் பேரம் பேசலாம். பாக்கியைப் பேரம் பேசேலாது.

நேர்மையா மற்றப் பக்கத்தையும் சொல்லவேணும். காப்புப் போர்வை போட முடிவெடுத்தது நல்ல விசயம். சூடாக்கும் செலவு குறையும், டி.பி.இ. எண்ட வீட்டின்ர சக்தித் தர வகுப்பு ஏறும். சக்திச் சேமிப்பு 35 சதவீதம் வந்தால் அரசு செலவில 30 சதவீதம் தரும், 50 வந்தால் 45. அந்த உதவி இந்தக் கணக்கில கழிச்சதோ எண்டு பாருங்கோ. இப்ப என்ன வகுப்பு?


பனங்கூடல் | 22 செப்டெம்பர் 2025, பகல் 2.00

இ வகுப்பு எண்டு போட்டிருக்கு.


கணக்குப்பிள்ளை | 22 செப்டெம்பர் 2025, பகல் 2.25

நீங்கள் இருக்கிறதுக்குப் பிரச்சினை இல்லை. பிறகு வாடகைக்கு விட நினைச்சால்தான்: ஜி வகுப்பு வீட்டை 2025 தை மாசத்தில இருந்து புதுசா வாடகைக்கு விடேலாது, எஃப் 2028, இ 2034. ஆனபடியால் விக்கேக்கயும் இ வகுப்பு விலை பேச ஒரு காரணம். அரசின்ர விற்பனைப் பதிவு 2019இல இருந்து எல்லாருக்கும் திறந்து கிடக்கு, அந்தத் தெருவில கடைசியா எந்த வீடு எத்தனைக்கு வித்தது எண்டு நீங்களே பார்க்கலாம். ஏஜென்சி சொல்லுற "சந்தை விலை"யை நம்ப வேண்டியதில்லை.


பனங்கூடல் | 23 செப்டெம்பர் 2025, இரவு 12.40

இன்னொண்டு கேக்க வேணும், கேக்கக் கூச்சமா இருக்கு. 26,000 எண்டு எழுதினனான். அதில 5,000 போன மாசம் எடுத்த சீட்டுக் காசு, காசாத்தான் கையில இருக்கு. 4,000 ஒரு சிநேகிதன் கைமாத்தாத் தந்தது, சும்மா வாய்ப்பேச்சு. இதை வங்கியில போட்டால் பிரச்சினை வருமோ?


ஒல்னே_தங்கச்சி | 23 செப்டெம்பர் 2025, காலை 9.10

அண்ணை, நான் வீட்டுக்கடன் தரகர் ஒருவரின்ர கந்தோரில கோப்பு ஒழுங்குபடுத்துற வேலை. கிழமைக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட வருவினம், கூச்சப்பட ஒண்டும் இல்லை.

வங்கி கடைசி மூண்டு மாசக் கணக்கு அறிக்கையை வரி வரியாப் பார்க்கும். 5,000 யூரோவைக் காசா ஒரு நாளில போட்டால் எங்கால வந்தது எண்டு கட்டாயம் கேட்பினம். சீட்டுக்கு ஒரு கடதாசியும் இல்லை. "சிநேகிதர் எல்லாம் சேர்ந்து போடுறது" எண்டு சொன்னால் அவைக்கு விளங்காது, விளங்கினாலும் கோப்பில வைக்க ஒண்டும் இல்லை. துண்டு துண்டாப் போடுறது இன்னும் மோசம், அதுக்கெண்டே அவையள் எச்சரிக்கை வைச்சிருக்கினம். உண்மையைச் சொல்லுங்கோ: சீட்டில நீங்கள் மாசம் மாசம் கட்டின காசு உங்கட சம்பளக் கணக்கில இருந்து எடுத்திருந்தால் அந்த எடுப்பு அறிக்கையில இருக்கும். ஒவ்வொரு மாசமும் 500 எடுத்தது, பிறகு 5,000 வந்தது எண்டு காட்டினால் கணக்குப் பொருந்தும். சீட்டு நடத்துறவரிட்ட ஒரு கையெழுத்துக் கடிதமும் வேண்டுங்கோ. சில வங்கி ஏற்கும், சில ஏற்காது.

சிநேகிதன் தந்தது கடன். 5,000க்கு மேல எண்டால் வரி அலுவலகத்துக்கும் அறிவிக்கவேணும், 4,000 எண்டபடியால் அது தேவையில்லை. ஆனால் திருப்பிக் கட்டவேண்டிய காசு எண்டால் வங்கி அதையும் உங்கட கடனில சேர்த்துத்தான் பார்க்கும். என்ர யோசனை: அதைத் திருப்பிக் குடுத்திடுங்கோ. 22,000 உங்கட சொந்தக் காசு எண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லலாம்.

மற்றது, உங்கட ரெண்டு பேரின்ர வருமானம் 2,700. கடன், காப்புறுதி எல்லாம் சேர்ந்து 35 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, 945. 704 உள்ளுக்கதான் இருக்கு. ஆனால் கார் கடன், தவணைக்கு எடுத்த போன், ஊருக்கு மாசம் மாசம் அனுப்புற காசு எல்லாத்தையும் அவையள் பார்ப்பினம். இண்டையில இருந்து மூண்டு மாசத்துக்கு கணக்கு ஒரு நாளும் மைனசுக்குப் போகாமல் பாருங்கோ.

காப்புறுதியை வங்கி தாறதுதான் எடுக்கவேணும் எண்டு இல்லை. 2022 சட்டத்துக்குப் பிறகு எப்ப வேணும் எண்டாலும் மாத்தலாம். ஆளுக்கு 200,000க்குக் குறைவான கடன், 60 வயசுக்கு முதல் முடியுது எண்டால் நோய் விபரக் கேள்வியும் கேட்கேலாது. சீனிவருத்தம் இருக்கிற எங்கட ஆக்களுக்கு இது பெரிய விசயம். அண்ணைக்கு 35 வயசுக்குக் கீழ எண்டால்தான் 25 வருசக் கடனுக்கு அது சரிவரும்.


பனங்கூடல் | 23 செப்டெம்பர் 2025, பகல் 1.15

எனக்கு 38. மனிசிக்கு 33. சீட்டுக்கு மாசம் மாசம் கணக்கில இருந்துதான் எடுத்தனான், அறிக்கை இருக்கு. சிநேகிதன்ர காசை இண்டைக்கே திருப்பிக் குடுக்கிறன் தங்கச்சி.


நைட்_டூட்டி | 23 செப்டெம்பர் 2025, மாலை 5.30

28 சதவீதப் பாக்கி எண்டதை நான் முதல் அறியேல்லை. அந்தக் கட்டடம் வேண்டாம் எண்டு நானும் சொல்லுறன். ஆனால் வேண்டுறதையே விட்டுடாதேங்கோ அண்ணை. 38 எண்டால் 63இல முடியும். இன்னும் அஞ்சு வருசம் பிந்தினால் 68. அந்த வயசில குசினியில நிக்கேலாது, எங்கட முழங்காலைப் பற்றி எங்களுக்குத் தெரியும்.


சார்செல்_அக்கா | 23 செப்டெம்பர் 2025, இரவு 8.00

நைட் டூட்டித் தம்பி சொல்லுறதை நான் மறுக்கேல்லை. நானும் 2018இல திரும்பவும் வேண்டினனான், 18 வீடு உள்ள சின்னக் கட்டடம். வருசத்துக்கு ஒருக்காக் கூட்டத்துக்குப் போனால் எல்லார்ர முகமும் தெரியும். ஆர் கட்டேல்லை எண்டும் தெரியும், ஏன் கட்டேல்லை எண்டும் தெரியும். சின்னக் கட்டடத்திலயும் கஷ்டம் இருக்கு: கூரை போனால் 18ஆல தான் பிரிக்கலாம், 96ஆல இல்லை. ஆனாலும் எனக்கு நித்திரை வருது.


பனங்கூடல் | 6 ஒக்டோபர் 2025, இரவு 12.55

134,000க்கு எழுத்தில கேட்டனாங்கள், ரவல்மோ செலவையும் கழிச்சு. விக்கிறவர் மாட்டன் எண்டவர். நாலு நாளில வேற ஆருக்கோ 146,000க்குப் போயிட்டுது. மனிசி ஒண்டும் கதைக்கேல்லை, இரவு அழுதவ. மகள் இன்னும் "விமான வீடு" எண்டு கேட்டுக்கொண்டிருக்கிறாள். தேடுறதை விடேல்லை.


ரயிலடி | 6 ஒக்டோபர் 2025, காலை 7.30

உங்கட மனிசியிட்டச் சொல்லுங்கோ, எங்கட வீட்டிலயும் மூண்டாவது வீடுதான் சரிவந்தது. வில்லியே-லு-பெல், கோனெஸ், ஆர்னூவில் மூண்டுக்கும் ஒரே ஸ்டேஷன்தான், அங்க கனக்க வண்டி நிக்கும். ஆர்னூவில் பக்கம் சின்னக் கட்டடங்கள் இருக்கு. கொஞ்சம் விலை கூட.


பனங்கூடல் | 8 பெப்ரவரி 2026, இரவு 1.05

உறவுகளே, கன நாளாச்சு. இந்த இழையை வாசிச்ச ஆக்களுக்கு முடிவைச் சொல்லாமல் விடக் கூடாது.

நவம்பரில ஆர்னூவில்லில ஒரு எஃப்3 கிடைச்சது. ரயிலடி அண்ணை சொன்ன பக்கம்தான், ஸ்டேஷனுக்கு எட்டு நிமிச நடை. இரவு ஒண்டேகாலுக்கும் நடந்து பார்த்தனான். 22 வீடு, 1964ஆம் ஆண்டுக் கட்டடம், மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. விளம்பரத்தில 52 எண்டு போட்டவை, காறே சட்டப்படி அளந்தால் 49 சதுர மீட்டர். 161,000 கேட்டவை, அளவைச் சொல்லி 157,000க்கு முடிஞ்சது. வீட்டுக்கு வீடு தனித்தனி காஸ் பொய்லர், அதால சார்ஜ் மாசம் 150தான், காஸ் பில் வேற. பேவே மூண்டு வருசமும் வாசிச்சனான், இப்ப மொழிபெயர்ப்பு இல்லாமலே பாதி விளங்குது. பாக்கி 3 சதவீதம், ஒரே ஒரு வீடு, சொந்தக்காரர் செத்துப் பிள்ளையள் பங்கு பிரிக்கிற வழக்கு.

கடன் 147,500. காப்புறுதியோட மாசம் 769. வரியையும் சார்ஜையும் சேர்த்தால் ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும், காஸ் அதுக்கு மேல. மனிசி இன்னும் ரெண்டு மணித்தியாலம் கூட வேலை எடுத்திருக்கிறா.

கொம்புறோமி டிசெம்பர் 12இல கையெழுத்து. மனம் மாறுற பத்து நாளும் ஒவ்வொரு நாளாப் போனது. வங்கியின்ர கடன் முன்மொழிவுக் கடிதம் தை மாசம் 22ஆம் திகதி தபாலில வந்தது. அதிலயும் பத்து நாள் பொறுக்கவேணும், பதினோராம் நாள்தான் கையெழுத்து வைக்கலாம். மனிசி கலண்டரில வட்டம் போட்டு வைச்சிருந்தவ.

போன வியாழக்கிழமை அந்தக் கட்டடத்தின்ர பொதுக்கூட்டம். கொம்புறோமிக்கும் கடைசிக் கையெழுத்துக்கும் இடையில கூட்டம் வந்தால் விக்கிறவர் வேண்டுறவருக்குத் தன்ர வாக்கைக் குடுக்கலாம் எண்டு நோத்தேர் சொன்னவர், விக்கிற அம்மாவும் கடதாசியில கையெழுத்து வைச்சுத் தந்தவ. மாநகரசபையின்ர சின்ன மண்டபம். 22 வீட்டில 17 பேர். கதிரை எல்லாம் தாங்களே விரிச்சவை. முதலாம் மாடியில இருக்கிற வயசான மனிசன் ஒருத்தர் எனக்குப் பக்கத்தில இருந்து, எந்தப் பக்கத்தில என்ன கேள்வி வருது எண்டு விரல் வைச்சுக் காட்டிக்கொண்டே இருந்தவர். கூரையின்ர தண்ணி வடியிற பீலி மாத்துறதுக்கு மூண்டு விலைமனு. நடுவில இருந்ததை எடுத்தம். எங்கட பங்கு 640 யூரோ, கொம்புறோமியில எழுதினபடி அது நான் கட்டவேண்டியது. நானும் கை உயர்த்தினனான்.

சாவி 27ஆம் திகதி.


சார்செல்_அக்கா | 8 பெப்ரவரி 2026, காலை 8.15

27ஆம் திகதி கையெழுத்து வைக்கப் போக முதல், அண்டைக்குக் காலமையே வீட்டைக் கடைசியா ஒருக்காப் போய்ப் பாருங்கோ தம்பி. தண்ணிக் குழாய் எல்லாம் திறந்து பாருங்கோ, பொய்லரைப் போட்டுப் பாருங்கோ, காஸ், கரண்ட், தண்ணி மீட்டர் எண் மூண்டையும் போனில படம் எடுங்கோ. செவ்வந்திக்கு நான் கன்று தாறன், என்ர பல்கனியில கனக்க இருக்கு. தங்கச்சியை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கோ.